நின்ன வண்டி

12.1.2025 ஞாயிறு

நேத்து ராத்திரி பைக்குல வந்து நின்ன லாரில மோதுனதுல இருந்து எங்க வீட்டுக்காரரு இன்னும் முழிக்கல. நர்ஸ் ஒரு கவர்ல ஹெல்மெட்டப் போட்டுக் குடுத்தாங்க, தூக்கிப் போட்டுறாதீங்கன்னு மட்டும் சொன்னாங்க. ஏன்னு கேக்கற நெலமைல நான் இல்ல.

14.1.2025 செவ்வாய்

கண்ணு முழிச்சு மொதக் கேள்வி, தறில பாவு நூல் ஏத்தியாச்சான்னு. பொங்கலன்னைக்கு எந்த ஊர்லங்க தறி ஓடுது. சிரிச்சுட்டு வெளிய வந்து அழுதேன்.

மொத 48 மணி நேரம் கவர்மென்ட் திட்டத்துல போயிருச்சாம். இதுக்கப்பறம் எல்லாம் நம்ம கணக்குதான். தொடைல ராடு வெக்கோணும்.

17.1.2025 வெள்ளி

எஃப்ஐஆர் வந்துருச்சு. கொழுந்தன் நெட்ல இருந்து எடுத்துட்டு வந்தான். மூணு தடவ படிச்சேன், ஒவ்வொரு தடவையும் கைகால் வெடவெடன்னு ஆகுது. புகார் குடுத்தது யாருன்னா லாரி கிளீனர். அவன் சொன்னத அப்படியே எழுதிருக்காங்க, லாரிய ஓரமா நிறுத்தி டயர் பாத்துட்டு இருந்தோம், பைக்குல அதிவேகமா அஜாக்கிரதையா வந்து பின்னாடி மோதிட்டாருன்னு. பிஎன்எஸ் 281, புது கிரிமினல் சட்டத்துல தாறுமாறா வண்டி ஓட்டறதுக்கான பிரிவு. குற்றவாளி இவரு! வாயில குழாயோட படுத்துக் கெடக்கற மனுசன் குற்றவாளி, நின்ன லாரி சாட்சி. இவருகிட்டயோ எங்ககிட்டயோ ஒரு வார்த்தை கேட்டாங்களா, இல்ல. ஸ்டேஷன்ல போயி கேட்டா எழுத்தர் நிமிர்ந்து கூட பாக்காம சொல்றாரு, நின்ன வண்டில போயி மோதுனா மோதுனவன் மேலதான்மா போடுவோம், நீங்க இன்சூரன்ஸ்ல வாங்கிக்கங்கன்னு. இந்த எஃப்ஐஆர வெச்சுகிட்டு எந்த இன்சூரன்ஸ்காரன் குடுப்பான்?

மொதல்ல கொண்டுபோன ஜிஎச்ல ஏஆர் காப்பி, அதான் விபத்துப் பதிவேட்டு நகல், வாங்கியாச்சு. அதுல டாக்டர் மதுவாடை இல்லைன்னு எழுதிருக்காரு. அந்த ஒரு வரிக்கு அந்த டாக்டரக் கையெடுத்துக் கும்புடோணும். பொங்கலுக்கு முந்தின சனிக்கெழம ராத்திரி பைக்குல வந்த ஆம்பளன்னா ஊரே என்ன நெனைக்கும்னு எனக்குத் தெரியும்.

19.1.2025 ஞாயிறு

கொழுந்தன் அன்னைக்கு ராத்திரி எடுத்த போட்டோ. பிளாஷ் போட்டு எடுத்திருக்கான். லாரி நம்பர் பிளேட்டு பளிச்சுனு அடிக்குது. அதுக்குக் கீழ ரேடியம் ஸ்டிக்கர் இருக்க வேண்டிய எடம் வெறும் கருப்பு. பிளாஷ் வெளிச்சத்துக்கே மின்னாத ஸ்டிக்கர் பைக் லைட்டுக்கு மின்னுமா? பார்க்கிங் லைட் எரியல, முக்கோணம் வெக்கல, கல்லு கூட வெக்கல. வலது பக்க டயர் ரெண்டும் வெள்ளக் கோட்டுக்கு உள்ள, ரோட்டு மேல நிக்குது. ஓரமாமா. ஓரமா.

அந்த ஃபோன மாத்தாத, ரிப்பேருக்குக் குடுக்காத, போட்டோவ அழிக்காதன்னு சொல்லி வெச்சிருக்கேன். வாட்சப்புல அனுப்பறதுல நேரம், எடம் எல்லாம் போயிருமாம்.

23.1.2025 வியாழன்

சித்தப்பா வந்தாரு. கூட ஒரு ஆளு, லாரி ஓனருக்குத் தெரிஞ்சவராம். சித்தப்பாவுக்கே ரெண்டு லாரி ஓடுது, சங்ககிரி நாமக்கல் பக்கம் லாரிக்காரங்களுக்குள்ள யாரு யாருக்கு வேண்டாதவங்க. அறுபதாயிரம் ரூபா, ஒரு ஸ்டாம்ப் பேப்பர், "இனி இது சம்பந்தமா எந்த உரிமையும் கோர மாட்டோம்". ராடு மட்டுமே அதுக்கு மேல ஆவும்.

"கண்ணு, நம்ம ஊருப் பொழப்பே லாரிதான். கோர்ட்டுன்னு போனா அஞ்சாறு வருசம் இழுப்பாங்க. பேசி முடிச்சுக்கலாம்"னாரு.

"அவரு எந்திரிச்சு ஒக்காரட்டுங்க சித்தப்பா, அப்பறம் பேசிக்கலாம்"னேன். அந்த ஆளு பேப்பர மடிச்சு வெக்கறப்ப பாத்த பார்வை இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

5.2.2025 புதன்

பஸ்ஸுல ஈரோடு போறப்ப பைபாஸ்ல முன்னாடி போன லாரி ஒவ்வொண்ணுக்கும் பின்னாடியே பாத்துட்டு வந்தேன். ரேடியம் இல்ல. சேறு. இல்ல. கிழிஞ்சது. ஒண்ணு புதுசு. சேறு.

20.2.2025 வியாழன்

பெட்ரோல் பங்க் கேமராப் பதிவு போச்சு. விபத்து நடந்த வளைவுக்கு எதுத்தாப்புல இருக்கற பங்க்கு, லாரி எவ்வளவு நேரமா அங்க நின்னுச்சு, லைட்டு எரிஞ்சுதான்னு எல்லாமே அதுல இருந்திருக்கும். போலீஸ் லெட்டர் இல்லாம குடுக்க முடியாதுன்னு மேனேஜர் சொன்னாரு, ஸ்டேஷன்ல அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்னாங்க, இப்ப கேட்டா பதினஞ்சு நாளுக்கு மேல நிக்காதுங்க, மேல மேல பதிஞ்சுரும்ங்கறாரு. எழுதிக் குடுத்த மனுவுக்கு ரசீது வெச்சிருக்கேன். அந்த ரசீத வெச்சு என்ன பண்றது, லாரியையா பாக்க முடியும் அதுல.

எங்க புகார எஸ்பி ஆபீசுக்கு ரிஜிஸ்டர் தபால்ல போட்டாச்சு, அக்னாலெட்ஜ்மென்ட் கார்டோட.

வெஹிக்கிள் இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்ல லாரியோட விளக்குகள் இயங்கும் நிலையில இருந்துச்சுன்னு போட்டிருக்கு. சோதிச்சது மூணாவது நாளு. மூணு நாளுல லைட்டு மாட்டத் தெரியாதா லாரிக்காரனுக்கு.

2.3.2025 ஞாயிறு

வீட்டுக்கு வந்தாச்சு. கட்டில் தறிக்கூடத்துப் பக்கம் வேணாமாம், தறிச் சத்தம் கேட்டா தூக்கம் வரலையாம். இருவது வருசமா அந்தச் சத்தத்துல தூங்குன ஆளு. கேஸெல்லாம் ஒண்ணும் வேண்டாம்ங்கறாரு. "நானே போயி மோதிருப்பனோ, எனக்கே ஞாபகம் இல்லையே"ங்கறாரு. ஊரு சொல்லிச் சொல்லி இவரையே நம்ப வெச்சுட்டாங்க. கோவத்துல சாப்பாட்டுத் தட்ட டம்முனு வெச்சுட்டு வந்துட்டேன்.

8.3.2025 சனி

ஆஸ்பத்திரிலயே ஒருத்தன் வக்காலத்து பேப்பரோட பின்னாடியே சுத்துனான், வர்றதுல முப்பது பர்சன்ட்டாம். வக்கீலு ஜெயிக்கற காசுல பங்கு பேசவே கூடாதுன்னு இப்பத்தான் தெரியும். நாமக்கல்ல சட்டப்பணிகள் ஆணைக்குழுல போயி கேட்டேன், பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவசமாவே வக்கீல் உண்டாம். அப்படிக் கெடச்சவங்கதான் இந்த வக்கீலம்மா. ஆஸ்பத்திரி பில்லுக்கு முன்னாடி போட்டோவத்தான் கேட்டாங்க. அதுலயே பாதி உசுரு வந்துச்சு.

எஃப்ஐஆர்ல இருக்கறதுதான் முடிவுன்னு இல்லையாம். நஷ்டஈடு கேக்கற கிளைம் கோர்ட்டு தானா விசாரிக்கும், கிரிமினல் கேஸ் மாதிரி சந்தேகமில்லாம நிரூபிக்கணும்னு இல்ல, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம்னுதான் பாக்கும். 2018ல ஒரு கேஸ், ராத்திரி நடுரோட்ல லைட் இல்லாம நின்ன எரிவாயு டேங்கர்ல கார் மோதிருச்சு. ஹைகோர்ட்டு ஆளுக்குப் பாதித் தப்புன்னுச்சு, சுப்ரீம் கோர்ட்டு அத மாத்தி டேங்கர் மேலதான் முழுத் தப்புன்னுச்சாம். போன வருசம் செப்டம்பர்லயும் அதே மாதிரி, பதினாலு சக்கர டிரெய்லர். மோட்டார் வாகனச் சட்டத்துல 122ன்னே ஒரு பிரிவு இருக்காம், அடுத்தவங்களுக்கு ஆபத்தாகற மாதிரி வண்டிய நிறுத்தக் கூடாதுன்னு. அப்ப அந்த எழுத்தருக்கு இது தெரியாதா?

எஸ்பி கிட்ட இருந்து பதில் வரலைன்னா மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல மனு போடலாம்னாங்க, லாரி டிரைவர் மேல பிஎன்எஸ் 285ம் (ரோட்ல இடைஞ்சல் பண்றது) 125ம் (உசுருக்கு ஆபத்தாக்கறது) சேத்து விசாரிக்கச் சொல்லி.

இன்னைக்கு நல்லாத் தூங்குவேன்னு நெனைக்கறேன்.

21.3.2025 வெள்ளி

இன்சூரன்ஸ் கம்பெனில இருந்து விசாரிக்க வந்திருக்கேன்னு ஒருத்தரு. ரொம்பத் தன்மையாப் பேசறாரு, சார் எப்படி இருக்காரு, கொழந்தைங்க எந்த ஸ்கூலு. டீ போட உள்ள போயிட்டு வர்றதுக்குள்ள இவரு பேசுனத இங்கிலீஷ்ல ஒரு பக்கம் எழுதிட்டாரு, கீழ கையெழுத்துப் போடுங்க சார்னு பேனாவ நீட்றாரு. எம்பொண்ணு எட்டிப் படிச்சுட்டு, "அம்மா, ஐ டிட் நாட் நோட்டீஸ் த லாரின்னு போட்டிருக்கும்மா"ன்னா. இவரு சொன்னது லாரி தெரியவே இல்லீங்கன்னு! வக்கீலம்மா கிட்ட கேட்டுத்தான் எதுவும் எழுதுவோம்ங்கன்னு அனுப்பி வெச்சேன். டீய முழுசாக் குடிச்சுட்டுத்தான் போனாரு.

11.4.2025 வெள்ளி

விபத்து நடந்து 90 நாளு. போலீஸு முழு விவர அறிக்கைய கோர்ட்டுக்கு அனுப்பியிருக்கோணும், 2022ல இருந்து ரூலே அப்படித்தானாம். போயி கேட்டேன். எலக்சன் டூட்டி மாதிரி ஏதோ டூட்டின்னாங்க. எலக்சனே இல்ல.

6.5.2025 செவ்வாய்

சம்பாத்தியத்த எப்படிக் காட்டறது. கூலித்தறிக்கு என்ன சம்பளச் சீட்டா குடுக்கறாங்க. பாவு குடுக்கற முதலாளியோட கூலி நோட்டு, பேங்க் புக்கு, தறிக்கு வர்ற கரண்ட் பில்லு எல்லாத்தையும் எடுத்து வெச்சிருக்கேன். பில்லுல பாதி பூஜ்யம்தான், ரெண்டு மாசத்துக்கு ஆயிரம் யூனிட் ப்ரீ ஆச்சே. ஆனா ஓடுன யூனிட் போட்டிருக்கும்ல, தறி ஓடிருக்குன்னு அதுவே சொல்லும். முதலாளி சாட்சிக்கு வருவாரான்னு கேட்டதுக்கு, ஜிஎஸ்டி பிரச்சன எதாவது வருமாம்மான்னு கேக்கறாரு.

24.5.2025 சனி

சித்தப்பா வந்தாரு, இந்தத் தடவ தனியா. லாரியோட எஃப்சி, அதான் வண்டி ஓடத் தகுதின்னு குடுக்கற சர்டிபிகேட்டு, டிசம்பர்லயே முடிஞ்சிருச்சுன்னு ஆப்புல காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்துட்டு சொன்னாரு, "லைட்டுக்கு ஒயரிங் பண்ணக் காசு குடுத்திருக்க மாட்டான் கண்ணு. டிரைவர் கேட்டுக் கேட்டு சலிச்சிருப்பான்." அப்பறம், "இன்சூரன்ஸ் உயிரோடதான இருக்கு? லாரிக்காரன் கிட்ட உனக்கென்ன பேச்சு, ஆளுக்கு அடிபட்டா கம்பெனிதான் கட்டோணும். எஃப்சி இல்லைன்னா கம்பெனி கட்டிட்டு ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கும். நீ கேசப் போடு."

ஜனவரில எங்க போச்சு இந்தப் பேச்சு. கேக்கல. வயசான மனுசன்.

14.6.2025 சனி

மெடிக்கல் போர்டு ஊனம் 40 சதவீதம்னு குடுத்திருக்கு. கால் ஒண்ணரை இஞ்ச் கம்மி. ஷிப்டு பூராவும் நின்னு நாலு தறி பாக்கற ஆளுக்கு அது எப்படி நாப்பதாகும், நூறுல்ல. ஒடம்புல எவ்வளவு ஊனம்னு இல்ல, அவரு செய்யற தொழில்ல எவ்வளவு போச்சுன்னு பாக்கோணும்னு 2010லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருக்காம். வக்கீலம்மா கேப்பாங்க. குடுக்கறது ஜட்ஜோட மனசு.

ஹெல்மெட்ட எலி கடிச்சிருக்கு. பீரோவுக்குள்ள வெச்சுட்டேன்.

29.6.2025 ஞாயிறு

புதுசா ஒரு பூதம். ஆதார்ல 1.1.1984. ஸ்கூல் டிசில 5.6.1985. ஆதார் எடுத்தப்ப மாமியாருக்கு ஞாபகம் இருந்த வருசத்தச் சொல்லிருக்காங்க. ஒண்ணுல ஆக்சிடென்ட் அன்னைக்கு 41, இன்னொண்ணுல 39. என்ன பெருசான்னு நெனச்சேன். 41ன்னா வருசச் சம்பாத்தியத்த 14ஆல பெருக்கணும், வருங்காலத்துல கூடற சம்பாத்தியத்துக்குன்னு சேக்கறது 25 சதவீதம். 39ன்னா 15, 40 சதவீதம். மாசம் பதினஞ்சாயிரம்னு வெச்சு நாப்பது சதவீத ஊனத்துக்கு நானே போட்டுப் பாத்தேன், ஒண்ணு 12,60,000, இன்னொண்ணு 15,12,000. ரெண்டரை லட்சம் வித்தியாசம்! போன அக்டோபர்ல வேற ஒரு கேஸ்ல ஆதார் பிறந்த தேதிக்கு ஆதாரம் இல்ல, ஸ்கூல் சர்டிபிகேட்டத்தான் எடுக்கோணும்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சாம். ஆனா எங்க டிசி பாதி கரையான் தின்னது, வருசத்துல கடைசி எண்ணு அஞ்சா மூணான்னு பாக்கற கண்ணப் பொறுத்து.

ராத்திரி அத லைட்டுக்கு நேராப் புடிச்சுப் பாத்துட்டே இருந்தேன். அஞ்சுதான்.

7.7.2025 திங்கள்

இன்னைக்கு கிளைம் மனு போட்டாச்சு. ஆறு மாசக் கெடு 11ந்தேதியோட முடியுது, எனக்கு ஒரு வாரமா வயிறே சரியில்ல. நாங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், விபத்து நடந்த ஊருக்குத்தான் போகோணும்னு இல்ல. இவரு ஊன்றுகோலோட படியேறி வந்து கையெழுத்துப் போட்டாரு. எதிர்மனுதாரர் ஒண்ணு ஓனரு, ரெண்டு இன்சூரன்ஸு.

வர்ற வழியில ஒரு லாரி, பின்னாடி பூரா புது ரேடியம். "பாத்தியா"ன்னாரு. இத்தன நாளா இவரும் பாத்துட்டுத்தான் வந்திருக்காரு, எனக்குத் தெரியல.

18.7.2025 வெள்ளி

மனு ரிட்டர்ன். வயசுச் சான்று தெளிவா இல்லையாம், சரி பண்ணித் திருப்பிப் போடச் சொல்லிருக்காங்க. கெடுவுக்குள்ள போட்டதுனால பயமில்லைன்னு வக்கீலம்மா சொல்றாங்க. பழைய ஸ்கூல்ல அட்மிசன் ரிஜிஸ்டர் இருக்கும். எச்எம் திங்கக்கெழம வரச் சொல்லிருக்காரு, 1990ல ஒண்ணாவது சேந்த பசங்க லிஸ்ட்டு, பீரோ சாவி கிளார்க்கு கிட்ட இருக்காம், அவரு லீவு