முடக்குவாதம்: ஊசிக்கு முன்னால் ஏன் காசநோய்ப் பரிசோதனை?

காலையில் விரல்களை மடக்கவே முடியாது. இரண்டு கைகளிலும் அதே மூட்டுகள் வீங்கியிருக்கும், விறைப்பு விட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உடம்பில் எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது, அதைக் கூட்டணும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மூட்டுவாத மருத்துவர் சொன்னது வேறு. எதிர்ப்பாற்றல் குறையவில்லை, அது என் மூட்டையே தாக்குகிறது.

ரத்தப் பரிசோதனையில் ருமட்டாய்டு ஃபேக்டர், ஆன்ட்டி சிசிபி என்ற இரண்டு எதிர்ப்பொருள்களும் பாசிட்டிவ். நம் புரதங்களில் உள்ள அர்ஜினின் என்ற அமினோ அமிலம் சில சமயம் சிட்ருலின் என்ற வேறொன்றாக மாறும். அப்படி மாறிய புரதத்தை அந்நியமாக எடுத்துக்கொண்டு உருவாகும் எதிர்ப்பொருள்தான் ஆன்ட்டி சிசிபி. வலி தொடங்கப் பல ஆண்டுகளுக்கு முன்பே அது ரத்தத்தில் இருக்கலாம் என்றார். எதைச் சாப்பிட்டதால் வந்தது என்று தேடிக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய ஆறுதல்.

டி செல்கள் எதிர்ப்பாற்றலைச் சேர்ந்த வெள்ளை அணுக்கள். அவற்றில் சொந்த உடலைத் தாக்கக்கூடியவற்றில் பெரும்பாலானவை நெஞ்சில் உள்ள தைமஸ் சுரப்பியிலேயே அழிக்கப்படுகின்றன. தப்பி வருபவற்றை, ‘ஒழுங்குபடுத்தும் டி செல்கள்’ என்ற வேறொரு வகை செல்கள் அடக்கி வைக்கின்றன. இவற்றை 1995-இல் அடையாளம் காட்டிய ஷிமோன் சகாகுச்சிக்கும், இவை உருவாகத் தேவையான ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டறிந்த மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் 2025-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த அடக்கம் போதாமல் போகும்போது மூட்டுச் சவ்வில், கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் டிஎன்எஃப், ஐஎல்-6 போன்ற அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரந்துகொண்டே இருக்கும். சவ்வு தடிக்கும், எலும்பு அரிக்கப்படும். வலி மாத்திரையால் இந்த அரிப்பை நிறுத்த முடியாது.

எதிர்ப்பாற்றலின் இந்தத் தாக்குதலை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை மருத்துவர் எழுதித் தந்தார். வாரத்தில் ஒரே நாள்தான். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் அட்டையிலேயே கிழமையை எழுதி வைத்தேன். கூடவே ஃபோலிக் ஆசிட், அவ்வப்போது கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் பரிசோதனை. பலன் தெரிய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகலாம். பொறுத்திருந்தேன். வீக்கம் பாதிதான் வடிந்தது.

அப்புறம் டிஎன்எஃப் தடுப்பு ஊசி என்று முடிவானது. உடனே போடவில்லை. முதலில் காசநோய், ஹெபடைடிஸ் பி பரிசோதனைகள், மார்பு எக்ஸ்ரே. மூட்டுக்கும் காசநோய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். எப்போதோ உடலுக்குள் வந்த காசநோய்க் கிருமியை மேக்ரோஃபேஜ்கள் சூழ்ந்து அடைத்து வைத்திருக்கும். அந்த அடைப்பு கலையாமல் இருக்க டிஎன்எஃப் வேண்டும். என் மூட்டைக் கெடுப்பதும் அதே பொருள்தான். அதைத் தடுத்தால் உறங்கும் கிருமி விழித்துவிடலாம்.

எனக்கு உறங்குநிலைக் காசநோய் இருந்தது. தடுப்பு மாத்திரையை ஒரு மாதம் சாப்பிட்ட பிறகுதான் முதல் ஊசி, மாத்திரையும் அதன் முழுக் காலத்துக்குத் தொடர்ந்தது. காரணம் புரிந்திருந்ததால் அந்தத் தாமதம் எனக்குக் கோபம் தரவில்லை. ஊசி தொடங்கிய சில வாரங்களில் காலை விறைப்பு நன்றாகக் குறைந்தது.

இந்த ஊசி போடப்போகிறவர்கள் காசநோய்ப் பரிசோதனை முடிந்ததா என்று தயங்காமல் கேளுங்கள். போட ஆரம்பித்த பிறகு, காய்ச்சல் வந்தால் அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளையும் அவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது.