நீலப் பனிக்கட்டிக்கு அருகே போகாதீர்கள்

அலாஸ்காவின் வால்டீஸ் நகருக்கு வரும் பயணிகள் முதலில் விசாரிப்பது கரடியைப் பற்றித்தான். கரடி உண்டு, சால்மன் மீன்கள் ஆற்றில் ஏறும் காலத்தில் கண்ணிலும் படும். ஆனால் கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகில் பயணிகளை அழைத்துப் போகும் வழிகாட்டிகளான எங்கள் கவலையெல்லாம் தண்ணீரின் குளிர்தான். பனியாறு, அதாவது மலையிலிருந்து மெல்ல நகரும் பனிப்பாளம், உருகித் தேங்கும் ஏரியில் கோடையிலும் தண்ணீர் உறைநிலையை ஒட்டியே இருக்கும். விழுந்தவருக்கு முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுக்குள் நிற்காது. அதற்குள் ஒரு வாய் தண்ணீர் உள்ளே போனால் போதும், ஆபத்து. சுமார் 10 நிமிடத்தில் விரல்கள் சொன்னபடி கேட்காது. குளிரால் நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும். விழுந்த பிறகு மிதவைச் சட்டையை மாட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவருக்கு, அந்த நேரத்தில் கொக்கி போடக் கை வராது.

அதனால் காலை நேரத்தில் பாதி, பயணிகளுக்கு ட்ரை சூட் என்ற தண்ணீர் புகாத முழு உடையைப் போட்டுவிடுவதிலேயே கழியும். கழுத்திலும் மணிக்கட்டிலும் இருக்கும் லேடெக்ஸ் ரப்பர் பட்டைதான் அதன் உயிர். மோதிரம், கடிகாரம், நீண்ட நகம் எல்லாம் அதைக் கிழிக்கும். சன்ஸ்கிரீன் எண்ணெய் நாளடைவில் அரிக்கும். ஜிப்பைக் கடைசி விரற்கடை வரை இழுத்து மூடியாயிற்றா என்று கையால் தடவிப் பார்த்தாக வேண்டும், பார்வைக்கு மூடியதுபோலவே இருக்கும். பிறகு ஆளைக் குந்தவைத்து, கழுத்துப் பட்டையை லேசாக விலக்கி உள்காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று தங்கிவிட்டால் தண்ணீரில் கால் மேலே கிளம்பிவிடும். ட்ரை சூட் தண்ணீரைத்தான் தடுக்கும், சூடு தராது. உள்ளே கம்பளியோ ஃப்ளீஸோ இருக்க வேண்டும். ஜீன்ஸோடு வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்புவது சங்கடமான வேலை, ஆனாலும் செய்தே ஆக வேண்டும்.

வால்டீஸ் பனியாற்று ஏரியில் அலை பெரிதாக இருக்காது. அதனால் புதியவர்களை அங்கேதான் அழைத்துப் போவது வழக்கம். ஆபத்து அங்கே மிதக்கும் பனிக்கட்டிகளில் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீருக்குள். அடியில் உருக உருக எடை இடம் மாறி, எந்த அறிவிப்பும் இல்லாமல் கட்டி புரளும். வெளியே தெரியாத விளிம்பு ஒன்று கயாக்குக்குக் கீழே நீண்டிருந்தால், புரளும்போது படகைத் தூக்கிக் கவிழ்த்துவிடும். உயரம், நீளம் இரண்டில் எது பெரிதோ அதன் 2 மடங்காவது தள்ளி நிற்பது எங்கள் கணக்கு. வெயிலும் காற்றும் பட்ட பனி வெளுத்து, மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். கண்ணாடிபோல் வழவழப்பாக, ஆழ்ந்த நீலத்தில் மின்னும் கட்டி சற்றுமுன்தான் புரண்டது, இன்னும் நிலைகொள்ளவில்லை. எல்லோரும் படம் எடுத்துக்கொள்ள ஆசைப்படுவது அதன் பக்கத்தில்தான்.

கடலில் கணக்கு வேறு. பெரிய ஓத (கடல் ஏற்ற இறக்க) நாட்களில் நீர்மட்டம் 4 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். சாப்பிட இறங்கும்போது கயாக்கை நாலடி மேலே இழுத்துப் போட்டால் போதாது. கரையோரக் காய்ந்த பாசிக் கோட்டுக்கும் மேலே கொண்டுபோய்க் கட்ட வேண்டும். வற்றும் நேரத்தில் வெளிப்படும் சேறு பனியாறு அரைத்துக் கொட்டிய நுண்வண்டல். மிதித்த காலை விடாது. பழைய வால்டீஸ் நின்றதும் இப்படிப்பட்ட தளர்ந்த வண்டலின் மேல்தான். 1964 மார்ச் 27 நிலநடுக்கத்தில் அதன் கரை கடலுக்குள் சரிந்தது. பின்னர் நகரமே இப்போதைய இடத்துக்கு மாறியது.

மேற்கே ஷூப் விரிகுடாவின் உள்ளேரிக்கு ஒரு குறுகிய வாய்க்கால் வழியாகத்தான் போக முடியும். ஓதம் ஏறும்போது நீரோட்டமே உள்ளே கொண்டுபோகும், இறங்கும்போது வெளியே கொண்டுவரும். இந்த நேரத்தைத் தவறவிட்டவர் எவ்வளவு துடுப்புப் போட்டாலும் நின்ற இடத்திலேயே நிற்பார். அதனால் புறப்படும் நேரத்தை ஓத அட்டவணைதான் முடிவு செய்கிறது, காலை உணவு அல்ல.

வானிலையில் ஏமாற்றுவது மழையல்ல, பளிச்சென்ற வெயில். நிலம் சூடேறியதும் பிற்பகலில் மேற்கிலிருந்து காற்று கிளம்பி ஃபியார்டு எனப்படும், மலைகளுக்கு நடுவே நீளும் கடல் கழி வழியே நகரை நோக்கி அடிக்கும். ஷூப்பிலிருந்து திரும்புகிறவருக்கு அது பின்காற்று, சுகமாகத் தோன்றும். ஆனால் பின்னாலிருந்து வரும் அலை படகின் பின்பக்கத்தைத் தள்ளிக் குறுக்கே திருப்பும். அப்போது விலா காட்டி நிற்கும் படகு அடுத்த அலைக்குக் கவிழும். இரட்டைக் கயாக்கில் சுக்கான் மிதி பின்னால் உட்காருபவரிடம் இருப்பதால் நிதானமான ஆளையே அங்கு உட்காரவைப்போம். தம்பதியரில் அது யார் என்று கண்டுபிடிப்பது தனி வித்தை. அலை நுனியில் வெள்ளை நுரை தெரிந்ததும் புதியவர்களோடு கரையை ஒட்டிப் போவோம், இல்லையென்றால் இறங்கிக் காத்திருப்போம். கட்டணம் கட்டியவர் முகம் சுளிப்பார். மாலையில் காற்று தணியும் வரை சூடான சாக்லேட் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான்.