அப்பாவின் பிஸ்கட் டின்னில் விஜய்

இந்திய டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜை 2024 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் உள்ள டென்னிஸ் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். செய்தியைப் படித்ததும் அப்பாவின் பழைய பிஸ்கட் டின்னைப் பரணிலிருந்து இறக்கினேன். உள்ளே பேப்பர் கட்டிங்குகள், எல்லாம் பழுப்பேறிப்போய்.

அப்பா தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் துணித் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். ஞாயிறானால் எங்கள் இந்திய ஆட்களே போட்ட மண் கோர்ட்டில் ஆடுவார். நல்ல கோர்ட்டெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு. 1973-இல் மதராஸ் பையன் ஒருவன், 19 வயது, விம்பிள்டன் கால் இறுதி வரை போய், அதே வருஷம் அமெரிக்க ஓபனில் ஆஸ்திரேலிய ஜாம்பவான் ராட் லேவரையே தோற்கடித்தான் என்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

அடுத்த வருஷம் நாடுகள் அணியாக மோதும் டேவிஸ் கோப்பை. கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை 3-2 என்று இந்தியா வென்றது. அந்த ஒரு மோதலில் மட்டும் 327 கேம். புனேயில் சோவியத் யூனியனும் தோற்றது. இறுதிப் போட்டியில் எதிரே யார்? எங்கள் தென்னாப்பிரிக்கா. நிறவெறி நாட்டோடு ஆட மாட்டோம் என்று இந்தியா விலகிவிட்டது. ஒரு பந்தும் அடிக்காமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்கு.

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருந்த எங்கள் வீட்டில் அன்றைக்குப் பெரிய சண்டை. “வந்து இவனுங்க முகத்துக்கு நேரா ஜெயிச்சிருக்கலாமே அண்ணா” என்றார் சித்தப்பா. “வந்தா நாம எங்கடா உக்காந்து பாக்கறது? நமக்குன்னு தனியா ஒதுக்கின மூலையிலா?” என்றார் அப்பா. எனக்குப் பதினொரு வயது, சித்தப்பா கட்சி. இப்போது அப்பா கட்சி, ஆனாலும் முழுசாக இல்லை. ஏனென்றால் விஜய்க்கு அடுத்த டேவிஸ் இறுதி 1987-இல்தான் கிடைத்தது, 34 வயதில். ஸ்வீடனிடம் 5-0. அப்பா ஸ்கோரைப் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தார். அந்தக் கட்டிங் டின்னில் இல்லை.

விஜய் ஆடி அப்பா நேரில் பார்த்ததே கிடையாது. 1974-இல் இந்த நாட்டில் டிவியே இல்லை, 1976-இல்தான் வந்தது. எங்கள் வீட்டுக்கு இன்னும் தாமதம். கடைசியில் விஜய் நடித்த ஜேம்ஸ் பாண்ட் படம் வந்தபோது கிரே ஸ்ட்ரீட் பக்கம் பயாஸ்கோப்புக்கு என்னையும் கூட்டிப்போனார். ஆட்டோ துரத்தலில் விஜய் டென்னிஸ் மட்டையால் அடியாட்களைச் சாத்துகிறார். தியேட்டரே சிரித்தது, அப்பா சிரிக்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் வாயைத் திறந்தார்: “பேக்ஹேண்ட் நல்லாத்தான் இருக்கு.”