உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் வாங்கிய கதை

கான்டாக்ட் லென்ஸில் கிருமிகள் எப்படிப் படலமாக ஒட்டிக்கொள்கின்றன என்பதுதான் என் பிஎச்டி வேலை. ஒளிரும் பச்சைப் புரதத்தின் மரபணுவை சூடோமோனாஸ் ஏருஜினோசா பாக்டீரியாவுக்குள் செலுத்திவிட்டால், படலம் வளர்வதை மைக்ராஸ்கோப்பில் நேரடியாகப் பார்க்கலாம். ஆனால் மரபணு மாற்றம் என்று வந்துவிட்டால், இந்திய அரசின் 1989 விதிகளின்படி பல்கலைக்கழகத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் போயாக வேண்டும்.

இந்தச் சோதனைகளுக்கான மத்திய அரசின் 2017 வழிகாட்டியில் அவற்றை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகைக்குக் குழுவிடம் தெரிவித்தால் போதும். மூன்றாம் வகை டெல்லி வரை, மரபணு மாற்ற ஆய்வுகளைப் பரிசீலிக்கும் ஆர்சிஜிஎம் என்ற மத்தியக் குழுவிடம் போகும். கிருமிகளை அவற்றின் ஆபத்தைப் பொறுத்து நான்கு பிரிவாக வைத்திருக்கிறார்கள்; என் கிருமி இரண்டாம் பிரிவு என்பதால் வேலை நடு வகையில் விழுந்தது: உள்ளூர்க் குழு சரி என்று சொல்லும்வரை தொடங்கக் கூடாது. அந்தக் குழு அடிக்கடி கூடுவதில்லை. விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் எரிச்சல்.

மரபணுவைக் கிருமிக்குள் கொண்டுபோகும் டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிட்டின் வரைபடமெல்லாம் அழகாகப் போட்டுக்கொண்டு போனேன். யாரும் அதில் அதிக நேரம் நிற்கவில்லை. குழுவிலிருந்த மருத்துவர் கேட்டது ஒரே கேள்வி: "ஏம்மா, கண்ணில் இந்தக் கிருமி வந்தால் நாங்கள் ஜென்டாமைசின் சொட்டு மருந்தும் போடுவோம். அந்த மருந்துக்கே அடங்காத கிருமியை நீ ஏன் உருவாக்க வேண்டும்?" பிளாஸ்மிட் ஏறிய செல்களைப் பிரித்தெடுக்க எல்லோரும் செய்வது போலத்தான் ஜென்டாமைசின் எதிர்ப்பு மரபணுவை வைத்திருந்தேன். டெட்ராசைக்ளினுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று கைடும் ஒப்புக்கொண்டார். சூடோமோனாஸிடம் அந்த மருந்து ஏற்கெனவே சரியாக எடுபடாது. எதிர்ப்பு கூடினாலும் சிகிச்சைக்கு இழப்பில்லை.

அடுத்தது, மீயொலியால் அதிரவைக்கும் சோனிகேட்டர் கருவி. லென்ஸிலிருந்து படலத்தைப் பிரிக்க அதைத்தான் பயன்படுத்துகிறோம். அது கிருமியைக் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகக் காற்றில் கிளப்பிவிடும். "எங்கே வைத்துச் செய்வீர்கள்?" என்றார்கள். வடிகட்டிய காற்று வீசும் லாமினார் ஃப்ளோ மேடையில் என்று சொல்லியிருந்தால் என் விண்ணப்பம் அத்தோடு முடிந்திருக்கும். லாமினார் ஃப்ளோ மாதிரியைத்தான் காக்கும், காற்றை நம் முகத்தை நோக்கியே தள்ளும். ஆளையும் காப்பது இரண்டாம் கிளாஸ் பாதுகாப்பு கேபினட். எங்கள் லேபில் அது இருந்தது, ஆனால் அதன் ஆண்டுச் சான்று காலாவதியாகியிருந்தது. புதுச் சான்று வந்தால்தான் ஒப்புதல் என்றார்கள். நியாயம்தான்.

கழிவை நீராவியில் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவ் 121 டிகிரிக்குப் போனதென்று மீட்டர் காட்டினால் மட்டும் போதாதாம். வெப்பத்தைத் தாங்கும் வித்துகள் கொண்ட பட்டையை உள்ளே வைத்து, அவை செத்ததைக் காட்ட வேண்டும். குப்பைப் பை எங்கே போகிறது, யார் தூக்குகிறார்கள், அவருக்குக் கையுறை கொடுத்திருக்கிறோமா என்றும் கேட்டார்கள். விண்ணப்பிக்கப் போகிறவர்கள் வரைபடத்தில் செலவிடும் நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள்.

ஒப்புதல் கடிதத்தில் ஸ்ட்ரெயினின், அதாவது அந்தக் கிருமியின் குறிப்பிட்ட ரகத்தின், பெயரையும் குறித்திருக்கிறார்கள். இப்போது கைடு நோயாளிகளிடமிருந்து எடுத்த ஸ்ட்ரெயின்களையும் சேர்க்கலாம் என்கிறார். அதற்குத் திருத்த விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.