தாளிலிருந்து விரலுக்கு: பார்வை குறையும் வயலின் கலைஞர்களுக்கு

விழித்திரை மெல்ல மெல்லச் செயலிழக்கும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா நோயில் முதலில் இருட்டில் தடுமாற்றம் வரும், பிறகு ஓரப்பார்வை சுருங்கும். ஸ்டாண்டில் இருக்கும் நொட்டேஷன் தாள் தெரியும், இசைக்குழுவை நடத்தும் கண்டக்டரின் கை தெரியாது. ரெக்கார்டிங்கில் நொட்டேஷனைக் கொடுத்த நிமிடமே வாசித்துப் பழகியவரை இதுதான் உடைக்கிறது. கையும் காதும் அப்படியே இருக்க, வேலை மட்டும் நழுவுகிறது. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, வருகிற அழைப்புகளையே தவிர்க்கத் தொடங்குகிறார்கள். தயவுசெய்து சொல்லிவிடுங்கள். தாளை முந்தின நாளே கேட்டு வாங்குங்கள்.

தாளைப் பெரிதாக்கி அச்செடுக்கச் சொல்வார்கள். பார்வை குழாய்போல் சுருங்கியவருக்கு அது எதிராகத்தான் முடியும். எழுத்து பெரிதாகப் பெரிதாக, கண்ணுக்குள் அடங்கும் ஸ்வரங்கள் குறையும். அடர்கறுப்பு அச்சும், கூசாத நல்ல வெளிச்சமும் அதைவிட உதவும்.

பிரெய்லைத் தொட்டாலே தோற்றுவிட்டதாக மனம் சொல்லும். அதனால் தள்ளிப்போடுவார்கள். மிச்சப் பார்வை இருக்கும்போதே தொடங்கினால், விரல் தவறவிட்ட புள்ளியைக் கண் சரிபார்க்கும். தந்தி அழுத்திக் காய்ப்பேறிய இடது விரல்களுக்குப் புள்ளி சரியாகப் பிடிபடாது, வலது ஆள்காட்டி விரலைப் பழக்குங்கள். இசைப் பிரெய்லில், ஆறு புள்ளிக் கட்டத்தின் 1, 4, 5 புள்ளிகள் சேர்ந்தால் 'சி' ஸ்வரத்தின் குவேவர். அதோடு 6ஐக் கூட்டினால் அதைப்போல் இரு மடங்கு நீளும் குரோச்செட், 6க்குப் பதில் 3ஐக் கூட்டினால் நான்கு மடங்கு நீளும் மினிம். எந்த ஸ்தாயி என்பதை முன்னால் ஒரு குறி சொல்லும். வயலினுக்கு இரண்டு கையும் வேண்டுமென்பதால் படித்துக்கொண்டே வாசிக்க வழியில்லை. இரண்டு பார், நான்கு பார் (தாளக் கட்டம்) என்று மனப்பாடம் செய்துதான் வில்லை எடுக்க முடியும். இந்த நிதானம் ஆரம்பத்தில் அழ வைக்கும்.

இன்னொன்றைப் பலர் மறைத்துவிடுகிறார்கள். பார்வை போனபின் இல்லாத உருவங்கள் தெரியலாம். சுவிஸ் இயற்கையியலாளர் சார்ல்ஸ் பொனே 1760இல் தன் தாத்தாவிடம் கவனித்து எழுதியது இது. இசைக்கலைஞர்களுக்குச் சில சமயம் ஐந்து கோடுகளும் ஸ்வரங்களுமாகத் தாளே தெரியும், வாசிக்கப் போனால் பொருள் இருக்காது. பைத்தியமோ என்று பயந்து நடுங்குவார்கள். கண்ணிலிருந்து சேதி வராதபோது மூளை தானே வரைந்துகொள்வது அது. விளக்கைப் போடுங்கள், கண்ணை இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள், பெரும்பாலும் கலையும். கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் போகும்போது விஷுவல் ஃபீல்ட் சோதனை அறிக்கை அவசியம். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்தாலும், பார்வைப் பரப்பு 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அது பார்வையின்மைதான். அந்தச் சொல்லை முதன்முதலாகத் தாளில் பார்க்கும் நாளில் உங்களோடு ஒருவர் இருக்கட்டும்.

மேடையில் கண்டக்டர் கைக்குப் பதில் பக்கத்து வயலின்காரரின் மூச்சைப் பிடிக்க வேண்டும். தொடங்குமுன் ஒரு துடிப்பு முன்னால், காதில் விழும்படி மூச்சிழுக்கச் சொல்லி, ஒத்திகையிலேயே பழகிக்கொள்ளுங்கள்.