லேவி வீட்டில் எகிப்துப் பெயர்கள்

எபிரெய வேதத்தில் எகிப்தியப் பெயர்கள் என்றதும் எல்லாரும் இஸ்ரவேலரை எகிப்திலிருந்து நடத்தி வந்த மோசேயைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். துத்மோஸ், ராம்சேஸ் போன்ற எகிப்து மன்னர்களின் பெயர்களில் வரும், பிறப்பைக் குறிக்கும் அதே எகிப்தியச் சொல்தான் அது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. 'தண்ணீரிலிருந்து எடுத்தேன்' என்று யாத்திராகமம் 2:10 எபிரெயத்தில் காரணம் சொல்கிறது, ஆனால் அங்கே பெயர் வைப்பவள் பார்வோனின் மகள். எபிரெயத்தில் 'மோஷே' என்று வரும் அந்தப் பெயரில் இருக்கும் 'ஷ' ஒலி எகிப்திய 'ஸ'வோடு சரியாகப் பொருந்தவில்லை என்ற வாதமும் உண்டு.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது பினெகாஸ். மோசேயின் அண்ணன் ஆரோனின் சொந்தப் பேரன், லேவி கோத்திரத்து ஆசாரிய வம்சத்தின் தூண், அவன் பெயர் அச்சு அசலாக எகிப்தியப் பெயர்: 'பா-நெகசி', அதாவது எகிப்துக்குத் தெற்கே உள்ள நூபியாக்காரன், தெற்கத்தியான். பதினோராம் ராம்சேஸ் காலத்தில் நூபியாவை ஆண்ட அதிகாரிக்கும் இதே பெயர். பினெகாஸின் தாய்வழித் தாத்தா பூத்தியேல். இந்தப் பெயரை நான் மிகவும் ரசிக்கிறேன். எகிப்தின் ஓன் பட்டணத்து ஆசாரியன் போத்திபிரா என்றால் 'சூரியக் கடவுள் ரா தந்தவன்', பூத்தியேல் என்றால் 'ஏல் (கடவுள்) தந்தவன்', முன்பாதி எகிப்தியம், சாமி மட்டும் எபிரெயம்! அப்புறம் ஆசாரியன் ஏலியின் மகன் ஓப்னி, எகிப்திய மொழியில் தலைப்பிரட்டை. எரேமியா தீர்க்கதரிசியைத் தொழுமரத்தில் மாட்டிய ஆசாரியன் பஸ்கூரின் பெயரில் எகிப்தின் ஓரஸ் தெய்வமே இருப்பதாகப் பலர் விளக்குகிறார்கள், பாபிலோனிலிருந்து திரும்பிய, பஸ்கூர் என்ற பெயர்கொண்ட ஆசாரிய வம்சத்தார் மட்டும் 1,247 பேர் என்று எஸ்றா கணக்கு எழுதியிருக்கிறார்.

கானானையே எகிப்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டது, அதனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக எகிப்தியப் பெயர் கிடைப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆசேர் கோத்திரத்து அர்னெப்பர் அப்படி வந்திருக்கலாம், 1 நாளாகமம் 7:36 போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறது. ஆனால் இவ்வளவு பெயர்கள் லேவி கோத்திரத்தில், அதுவும் ஆசாரியர் குடும்பங்களில் குவிந்து கிடப்பதை அப்படித் தள்ளிவிட முடியவில்லை. எகிப்தை 'அடிமைத்தன வீடு' என்று சொன்ன ஜனங்கள், தங்கள் பரிசுத்த வம்சத்துக்கு வேண்டுமென்றே அந்நாட்டுப் பெயர்களைப் பின்னாளில் இட்டுக்கட்டியிருப்பார்களா? யாத்திராகமம் சொல்வதுபோல் லட்சக்கணக்கானோர் எகிப்திலிருந்து புறப்பட்டு வந்தார்கள் என்பதற்கு இது சாட்சி ஆகாது, சரி, ஆனால் லேவியரின் மூதாதையரில் ஒரு கூட்டமாவது எகிப்தில் வாழ்ந்து வந்தது என்றே நம்புகிறேன்.