வலென்சியாவில் சோறும் நேரமும்

ஸ்பெயினின் வலென்சியா நகரில் படிக்கிறேன். விடுமுறைக்குச் செங்கோட்டைக்கு வந்திருக்கும் என்னிடம், படிப்பைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, வலென்சியாவில் சோறு கிடைக்குமா என்றுதான் பக்கத்து வீட்டுச் சித்தி கேட்டார். தாராளமாகக் கிடைக்கும், ஊருக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரியைச் சுற்றி நெல் வயல்களே இருக்கின்றன. ஆனால் அங்கு விளையும் குண்டரிசி பாயேயா என்னும் அவ்வூர்ச் சோற்று உணவுக்குத்தான் பொருத்தம். ரசத்துக்கு நான் பாசுமதிதான் வடிக்கிறேன். (புனலூர்ச் சந்தையின் மட்ட அரிசிக்கு ஏங்குவது தனிக் கதை.)

உண்மையில் பழக வேண்டியது நேரத்துக்குத்தான். மதிய உணவு 2 மணிக்கு, இரவு உணவு 9 மணிக்கு மேல். பிற்பகலில் சில மணி நேரம் சிறிய கடைகள் பலவும் அடைத்துக் கிடக்கும். ஏறத்தாழ லண்டனுக்கு நேர் தெற்கே இருந்தும் ஸ்பெயின் 1940 முதல் லண்டனைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடும் மத்திய ஐரோப்பிய நேரத்தைப் பின்பற்றுவதால், ஜூன் மாதத்தில் சூரியன் மறையவே இரவு ஒன்பதரை ஆகிவிடுகிறது. அம்மா இங்கே தூங்கப் போகும் வேளையில் எனக்கு அங்கே மாலை வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும்.

ஆறு மாதத்துக்கு மேல் படிக்கச் செல்பவர்கள், போய் இறங்கிய ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். கைரேகை பதிவதற்கான முன்பதிவு கிடைப்பதுதான் பெரும்பாடு. வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி நகராட்சியில் முகவரியையும் பதிய வேண்டியிருப்பதால், ஒப்பந்தம் எழுதித் தரத் தயங்கும் உரிமையாளரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.